காற்று கொண்டு போய்விடுமாம்

வெளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு விருந்தாளி வந்தால் முதலில் சொல்லும் வார்த்தை, "உங்க ஊர்க் காத்து நல்லா இருக்கு" என்பதுதான். கேட்கும் நமக்கும் ஒரு பெருமிதம் வரும், ஏதோ நாமே ஊதி அனுப்பிய காற்று மாதிரி. பெருமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை முப்பந்தலில் காற்றாலைகள் பிடித்து மின்சாரமாக்குகின்றன. இன்று அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் ஆசாரிப்பள்ளத்தில் முன்பு காசநோய் மருத்துவமனை இருந்தது. சரியான மருந்து வராத அந்தக் காலத்தில் காசநோய்க்குக் காற்றும் ஓய்வும்தான் வைத்தியம்; நல்ல காற்றுள்ள இடமாகப் பார்த்துத்தான் அப்படிப்பட்ட மருத்துவமனைகளைக் கட்டுவார்கள்.

இந்த நல்ல பெயர்தான் இன்று நமக்குக் கேடாக வந்து நிற்கிறது என்பது என் கட்சி. தில்லியில் இருப்பவரிடம் போய், "குப்பையைக் கொளுத்தாதீர்கள்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டு இருப்பவர். நம் ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். "காத்துள்ள ஊரு சார், கொண்டு போயிரும்" என்கிறார்கள். எங்கே கொண்டு போகும் என்று கேட்டால் பதில் இல்லை.

காலை ஐந்தரை, ஆறு மணிக்கு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். முற்றம் கூட்டி, சவறையெல்லாம் மதில் ஓரம் குவித்து, ஒரு தீக்குச்சி. கொஞ்சம் ஈரமாக இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பற்ற வைக்கிறார்கள், அது மண்ணெண்ணெய் மாதிரி பிடித்துக்கொள்கிறது. பிறகு வீட்டுக்குள் போய்விடுவார்கள். குவியல் சுடர் விட்டு எரியாது. மணிக்கணக்கில் கனன்று புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகைக்கு நடுவில்தான் "உடம்புக்கு நல்லது" என்று டாக்டர் சொன்னதற்காக என் வயசுக்காரர்கள் கையை வீசி நடக்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேசினால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "எங்க அப்பா காலத்துலயும் சவறு கொளுத்தினாங்க. எண்பது தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாங்க." இருக்கட்டும். அவர்கள் கொளுத்திய குவியலில் என்ன இருந்தது? மாவிலை, பலா இலை, தென்னஞ்சில்லாட்டை, கொதும்பு, கொஞ்சம் கதம்பை. சாம்பலைத் தென்னை மூட்டில் போட்டார்கள். இலைப் புகையும் நல்ல புகை இல்லைதான்; அதிலும் நுண்துகள் உண்டு, கார்பன் மோனாக்சைடு உண்டு. இளைப்பு நோய்க்காரருக்கு வேப்பிலைப் புகையும் புகைதான். ஆனால் அதையும் இன்றைய குவியலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்றைய குவியலைக் கிளறிப் பாருங்கள். பால் கவர், பரோட்டாவுக்குச் சால்னா கட்டிக் கொடுத்த கவர், ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, தெர்மோகோல், பிய்ந்த செருப்பு, குழந்தையின் டயப்பர், பழைய வயர்த் துண்டு, போன மாதக் கல்யாணத்தின் ஃபிளக்ஸ். மேலே நாலு மாவிலை. பார்க்கிறவர் கண்ணுக்கு மாவிலைதான் தெரிகிறது.

இவை எரியும்போது என்ன நடக்கிறது என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. வயர் உறை, குழாய், ஃபிளக்ஸ், செருப்பு சிலவற்றில் அதுதான். அது எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாக வரும். கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். அதோடு டையாக்சின் என்ற நஞ்சும் உண்டாகிறது. இந்த டையாக்சின் வகையிலேயே மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. அது அழிய வேண்டுமென்றால் 850 டிகிரி வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடி புகை நிற்க வேண்டும் என்று ஐரோப்பாவில் எரி உலைகளுக்குச் சட்டம் வைத்திருக்கிறார்கள். மதில் ஓரத்தில் கனன்று கிடக்கும் சவறுக்கு அந்தச் சூடு எங்கே வரும்? அரைகுறைச் சூட்டில்தான் அந்த நஞ்சு நன்றாக உருவாகும். அதைத் தயாரிக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிடப் பொருத்தமான அடுப்பு அமையாது.

அது காற்றோடு போய்விடுவதும் இல்லை. மண்ணில், புல்லில், சாம்பலில் படிகிறது. சாம்பல் மேட்டைக் கோழி கிளறுகிறது, புல்லைப் பசு மேய்கிறது. டையாக்சின் கொழுப்பில் தங்கும் பொருள். பாலிலும் முட்டையிலும் ஏறும். "நாட்டுக்கோழி முட்டை, உடம்புக்கு நல்லது" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்தக் கோழி எந்தச் சாம்பலைக் கிளறியது என்று யாரும் கேட்பதில்லை. பிரான்சில் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ழில்லி-சூர்-இசேர் என்று ஓர் ஊர். அங்கே இருந்த குப்பை எரி உலையிலிருந்து டையாக்சின் வெளியேறி, சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பாலில் கலந்தது தெரியவந்து, 2001இல் உலையை மூடினார்கள். பாலைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆடுமாடுகளைக் கொன்றார்கள். புகைபோக்கி வைத்து, கொதிகலன் வைத்து, பொறியாளர் சம்பளம் வாங்கி எரித்த இடத்தில் இந்தக் கதி. நம் தெருவில் பாலை யார் சோதித்தார்கள்?

நுண்துகளுக்கு வருவோம். புகையில் பி.எம். 2.5 என்று ஒன்றைச் சொல்கிறார்கள். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள். தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் உள்ள முடி அதைப் பிடிக்காது. நாம் துவாலையை மூக்கில் பொத்திக்கொள்வதும் ஒரு மனச் சமாதானம்தான். அது நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். மிக நுண்ணியது அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். அதனால்தான் புகையால் இருமல் மட்டும் வருவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் வருகின்றன. நம் ஊரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், "பீடி குடிப்பாரா, சுகர் உண்டா" என்றுதான் விசாரிக்கிறோம். "தெருவில் தினமும் யார் குப்பை கொளுத்துகிறார்கள்" என்று கேட்பதில்லை. வெளிக்காற்றின் மாசையே புற்றுநோய்க் காரணி என்று அதே முகமை 2013இல் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் காற்று மாசால் நேர்ந்த சாவுகள் சுமார் 16.7 லட்சம் என்று லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்குச் சொல்கிறது. இதில் வீட்டு அடுப்புப் புகையும் சேர்த்திதான். இவ்வளவு பேரும் தில்லிக்காரர்கள் அல்லர்.

சரி, அந்தக் காற்று வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆடியில் காற்று அடிப்பது உண்மை. மார்கழியிலும் மாசியிலும் விடியற்காலையில் அடிக்கிறதா? இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அப்படியே கிடக்கும். மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று, ஒரு மூடி மாதிரி. அந்த நேரத்தில் விடும் புகை மேலே போகாது. வாழைத் தோப்புக்கு மேலே, வயலுக்கு மேலே, ஓட்டுக் கூரை உயரத்தில் நீலமாக ஒரு பட்டை தெரியுமே, வெளியூர்க்காரர் அதைப் பனிமூட்டம் என்று போட்டோ எடுப்பார், அதில் பாதி நம் சவறுப் புகை. வெயில் ஏறித் தரை சூடாகும் வரை அது நம்மோடுதான் இருக்கும். சாயங்காலம் கொளுத்தினாலும் இதே கதைதான், இரவு முழுக்க. அதாவது நாள் முழுவதிலும் எந்த இரண்டு பொழுதில் கொளுத்தக் கூடாதோ, பார்த்து அந்த இரண்டு பொழுதிலேயே கொளுத்துகிறோம்.

காற்று அடிக்கிற நாளில் மட்டும் என்ன? என் வீட்டுப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகிறது. அடுத்த வீட்டுக்காரர் மறுநாள் கொளுத்துவது எனக்கு வருகிறது. அதிகமாகக் குடிப்பவர் குனிந்து நின்று கொளுத்துபவர்தான். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், அல்லது வேலைக்கு வரும் பெண்கள். தெருவில் தூய்மைப் பணியாளர்கள் கொளுத்துவதைக் குற்றம் சொல்லிச் சிலர் வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். படம் எடுத்தவர் தன் வீட்டு எச்சில் இலையையும் மருந்துப் பாட்டிலையும் ஒரே கவரில் கட்டி, மதில் மேலிருந்து எறிந்தவராக இருப்பார். அள்ளிக்கொண்டு போக வண்டி வராத இடத்தில், பிரிக்க முடியாத குப்பையைக் கையில் கொடுத்து, "மத்தியானத்துக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும்" என்று மேலே இருந்து உத்தரவு போட்டால் அவர் வேறென்ன செய்வார்? அந்தப் புகையை முதலில் குடிப்பவரும் அவர்தான்.

இந்தச் சின்னக் குவியல்களுக்கெல்லாம் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வலம்புரிவிளை. நாகர்கோவில்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பீச் ரோட்டில் அந்தப் பக்கம் போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இடம் சொல்வார்கள். நகராட்சியாக இருந்த நாளிலிருந்து (மாநகராட்சி ஆனது 2019இல்தான்) ஊர்க் குப்பை அங்கேதான் மலையாகச் சேர்ந்தது. அவ்வப்போது தீப்பிடித்து, தீயணைப்பு வண்டிகள் நின்று தண்ணீர் அடித்தும் சட்டென்று அணையாமல், சுற்றியுள்ளவர்கள் இருமிக்கொண்டு மறியலுக்கு வந்த செய்தியைப் பத்திரிகையில் பலமுறை படித்திருக்கிறோம். சினிமாச் செய்தி மாதிரி அதையும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். குப்பை மலை ஏன் லேசில் அணையாது தெரியுமா? சாப்பாட்டு மிச்சம் காற்றுப் படாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். எரியும் வாயு. அழுகும்போதே உள்ளே சூடும் ஏறும். மேலே பிளாஸ்டிக்கும் துணியும் விறகு. ஒரு சின்னப் பொறி போதும். தீ மேலிருந்து அடிக்குப் போய்விட்டால் பிறகு தண்ணீர் அடித்தால் மேல்தோல்தான் நனையும். அடியில் பிளாஸ்டிக் தாள்கள் தண்ணீரை உள்ளே விடாது. மண்வாரி இயந்திரத்தை வைத்து அடுக்கடுக்காகத் தோண்டித் தோண்டி நனைக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. சென்னையில் பெருங்குடி 2022 ஏப்ரலில் பல நாள் எரிந்தது. கோவை வெள்ளலூர் 2024 ஏப்ரலில். பக்கத்துக் கேரளத்தில் கொச்சி பிரம்மபுரம் 2023 மார்ச் 2ஆம் தேதி பிடித்து, பத்து நாளுக்கு மேல் எரிந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. நான்கு ஊரிலும் காரணம் ஒன்றுதான். மக்குவதையும் எரிவதையும் ஒன்றாகக் கலந்து ஒரே இடத்தில் குவித்தார்கள். பழைய மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை, பயோமைனிங் என்று பெயர், இப்போது பல ஊர்களில் நடக்கிறது, வலம்புரிவிளையும் அதில் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பக்கம் பழையதைச் சலித்துக்கொண்டே மறு பக்கம் வீட்டிலிருந்து கலந்த குப்பையையே கொடுத்தால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது.

கேரளத்தைப் பற்றிச் சொன்னதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. எல்லை தாண்டிக் கழிவு ஏற்றி வரும் லாரியைப் பிடித்தால் நம் ஊரில் எவ்வளவு கோபம் வருகிறது! நியாயமான கோபம். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டியது பெரிய வழக்காகி, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு அவர்களே லாரி கொண்டு வந்து அள்ளிப் போனார்கள். களியக்காவிளையில் லாரியை மறிக்கிறோம், டயரில் காற்றைப் பிடுங்குகிறோம். சரி, மறித்துவிட்டு வீட்டுக்கு வந்து நம் டயப்பரையும் நம் மாத்திரை அட்டையையும் நாமே கொளுத்துகிறோமே, அது எந்த மாநிலத்துக் கழிவு? நஞ்சுக்கு மலையாளம் தமிழ் தெரியாது.

இன்னொரு பதிலும் சொல்வார்கள்: "முதல்ல டிப்பரை நிப்பாட்டச் சொல்லுங்க சார்." கல்குவாரித் தூசி, பாரம் மீறிக் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றி மார்த்தாண்டம் வழியாகக் கேரளத்துக்கு ஓடும் டிப்பர், உடைந்த ரோட்டிலிருந்து எழும்பும் புழுதி. எல்லாம் உண்மை. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கடலில் போட நம் மலையைத்தான் உடைத்துக் கொண்டு போனார்கள் என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. தார்ப்பாய் மூடாமல் ஓடும் லாரியைப் பிடிக்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை. அதற்காக மனுக் கொடுப்போம், மறியலும் செய்வோம். ஆனால் டிப்பர் நிற்கும் வரை என் மதில் ஓரத்துத் தீயை அணைக்க மாட்டேன் என்பது என்ன நியாயம்? டிப்பர் சாவி நம் கையில் இல்லை, தீப்பெட்டி இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். அரசாங்கக் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன், சட்டப் பிரிவு படிப்பதில் எனக்கு ஒரு கெட்ட ருசி உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 278ஆவது பிரிவு. அக்கம்பக்கத்தில் வசிப்பவர், தொழில் செய்பவர், வழியில் போகிறவர் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுத்தால் 500 ரூபாய் வரை அபராதம். அன்றைய 500 ரூபாய் என்றால் என்னைப் போன்ற குமாஸ்தா வருஷக்கணக்கில் வேலை பார்த்தால்தான் பார்க்கக்கூடிய பணம். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் இது 280ஆவது பிரிவு. அபராதம்? 1,000 ரூபாய் வரை. 160 வருஷத்துக்கு மேல் ஆகி, காற்றைக் கெடுப்பதன் விலை இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. தேங்காய் விலையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது போக, 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலோ வீட்டு வளாகத்துக்கு வெளியிலோ பொது இடத்திலோ குப்பையை எறியவும் எரிக்கவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லின. அதே வருஷம் டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்கச் சொன்னது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. என் தெருவில் 5,000 ரூபாய் கட்டிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்டால் கை குலுக்குவேன்.

ஏன் வசூலாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் என்பதால். புகை மனு ஒன்று வந்தால், காற்று என்பதால் ஓர் அலுவலகம், குப்பை என்பதால் இன்னொன்று, நோய் என்பதால் மூன்றாவது, தீ என்பதால் நான்காவது. ஒவ்வொன்றும் "உரிய நடவடிக்கைக்காக" அடுத்ததற்கு அனுப்பி, "நகல் மனுதாரருக்கு" என்று ஒரு வரி சேர்க்கும். நகல் கையில் வருவதற்குள் தீ அணைந்திருக்கும். "ஆய்வு செய்ததில் புகை ஏதும் காணப்படவில்லை" என்று அறிக்கை எழுதி முடித்துவிடலாம், பொய்யும் இல்லை. எந்த ஊர் அலுவலகமானாலும் இந்த ராகம் மாறாது.

அளந்து பார்க்காததும் ஒரு வசதி. மத்திய அரசு 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. நாகர்கோவில் இல்லை. உடனே, "பார்த்தீர்களா, நம் ஊர் லிஸ்டில் இல்லை" என்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள். ஊருக்குச் சராசரி எடுக்கும் கணக்கில் மதில் ஓரத்துப் புகை வராது. ஆனால் மதில் ஓரத்து வீட்டில் ஆள் இருக்கிறார். கணக்கில் இன்னொரு கூத்து: பி.எம். 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 2009 முதல் 40. எட்டு மடங்கு. 39 வந்தால் தேர்ச்சி. நுரையீரல் இந்தியனா வெள்ளைக்காரனா என்று துகள் பார்த்து இறங்குவதில்லை.

இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானம் வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு புபெல் ஞாபகம் வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வகுப்பில் குப்பைத் தொட்டிக்கு "புபெல்" என்றுதான் பெயர். அது ஓர் ஆளின் பெயர் என்று அப்போது தெரியாது. எழேன் புபெல் என்பவர் பாரிஸ் நகர நிர்வாகி, நம் ஆட்சியர் மாதிரி. 1883 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டார்: ஒவ்வொரு கட்டடத்துச் சொந்தக்காரரும் மூடி போட்ட பெட்டி வைத்துக் குப்பையை அதில்தான் போட வேண்டும். ஒன்றல்ல, மூன்று பெட்டி. அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தைக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் உடைந்த பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. ஊரே அவரைத் திட்டியது. வீட்டுச் சொந்தக்காரர் செலவு என்றார், கந்தை பொறுக்கிப் பிழைத்தவர் வயிற்றில் அடிப்பதாகச் சொன்னார். (அந்த இரண்டாவது புகாரில் நியாயம் இருந்தது, நம் ஊரிலும் பழைய பேப்பர், இரும்பு எடுப்பவரைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடக் கூடாது.) கேலி செய்யத்தான் பெட்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள்; பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்றாகப் பிரிப்பதை மட்டும் அங்கேயும் சீக்கிரம் கைவிட்டுவிட்டார்கள், நூறு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். நாம் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று இப்போது ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு தொட்டியிலும் பிரித்துப் போட்ட குப்பை கடைசியில் ஒரே வண்டியில் ஒன்றாக விழுவதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தால் முடியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். அதற்குப் பல வருஷம் முன்பே, ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்த காலத்தில், குமரி மாவட்டம் பிளாஸ்டிக் கவரை விரட்டிக் காட்டியது. கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டினார், இறைச்சியை இலையில் சுற்றித் தந்தார், நாம் பை எடுத்துக்கொண்டு போனோம். மானம் போய்விடவில்லை. ஆட்சியர் மாறினார், கெடுபிடி குறைந்தது, கவர் திரும்பி வந்தது. முடிந்த காரியத்தை விட்டுவிட்டோம் என்பதுதான் கோபம்.

அதனால் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. எரி உலை கட்டுங்கள் என்று கேட்கவில்லை, அந்த ழில்லி ஊரின் பால் எனக்கு மறக்கவில்லை. சவறு வேறு, பிளாஸ்டிக் வேறு. இலையும் கதம்பையும் நாலடிக்கு நாலடி ஒரு குழியில் போட்டால் நாளடைவில் உரம்; தென்னைக்குச் சாம்பலைவிட அதுதான் நல்லது. மாடி வீட்டில் குழிக்கு இடம் இல்லாதவர்களுக்காகத்தான் நுண்ணுரக் கூடம் என்று கட்டியிருக்கிறார்கள். வார்டுக்கு வார்டு அது வேலை செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் போட்டால் ஒரு மாதம் ஆனாலும் நாறாது. அதை அள்ள வாரத்தில் ஒரு நாள் தனி வண்டி வர வேண்டும், எந்த நாள் என்று தெரு முனையில் எழுதிப் போட வேண்டும். டயப்பரும் நாப்கினும் தனிப் பொட்டலம். வீட்டுக்கு வீடு இதைச் சொல்லி மூன்று மாதம் பொறுத்த பிறகும் கொளுத்துபவரிடம் அந்த 5,000 ரூபாயை உண்மையிலேயே வாங்க வேண்டும். முதல் ரசீதைக் கவுன்சிலர் தெருவிலேயே கிழித்தால் மிச்சம் தெருக்களில் கிழிக்க வேண்டிய வேலை குறையும். தூய்மைப் பணியாளர் கையில் தீப்பெட்டி இருக்கக் கூடாது என்றால் அவர் பின்னால் வண்டி இருக்க வேண்டும். இதை மேலே இருப்பவர்கள்தான் செய்து கொடுக்க வேண்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை நெபுலைசர் வைத்துக்கொண்டு இருந்தது, மூன்று வயசு. அதன் பாட்டி என்னிடம், "என்ன சார், காத்துள்ள ஊர்ல இருந்தும் பிள்ளைக்கு இப்படி இளைக்குது" என்றார். முற்றத்தைக் காட்டினேன். மதில் ஓரம் அன்று காலை அவர் வைத்த தீ இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாளியில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினார். மறுநாள் காலையில் சவறு அங்கேயே கிடந்தது. குழி எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று கேட்டார். மூன்றடி போதும் என்று சொல்லியிருக்கிறேன்.